ரசீதில் இருப்பது யார் பெயர்?

சென்னை பெருங்களத்தூரில் இன்று ஐடி கட்டிடங்கள் நிற்கும் இடத்தில் முன்பு ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. 1961-ல் ஹெரால்டு காரைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு நின்றுபோன அந்த மாடலுக்கு, அறுபதுகளின் கடைசியில் சென்னை ஆலை நான்கு கதவு வைத்தது. நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் தயாராகவில்லை. அதனாலேயே அதற்கு இன்றைக்கு வடக்கே ஆள் இருக்கிறது. மயிலாப்பூர் வீட்டு போர்ட்டிகோவில் இருபது வருடமாகத் துணி போர்த்திக் கிடந்த வண்டியை டெல்லியிலோ புனேயிலோ இருக்கும் ஒருவர் படத்தைப் பார்த்தே விலை பேசி முடித்துவிடுகிறார். விலை படிந்த பிறகுதான் சிக்கலே தொடங்குகிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு வண்டியை யாரை நம்பி ஏற்றிவிடுவது?

ஓட்டிக்கொண்டே போய்விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அதற்குப் பெரிதாக இடம் கொடுப்பதில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஆனால், அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் போக்குவரத்துக்குக் கூடாது. சட்டத்தை விடுங்கள். அறுபது வயது ரேடியேட்டரை நம்பி நாக்பூர் வெயிலைத் தாண்டுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆக, லாரிதான்.

தேடுபொறியில் ‘கார் டிரான்ஸ்போர்ட்’ என்று தட்டி, ஏதோ ஒரு படிவத்தில் செல்பேசி எண்ணைக் கொடுத்தால் போதும், சற்று நேரத்தில் வரிசையாக அழைப்புகள் வரும். ஒருவர் 14,000 என்பார், இன்னொருவர் 22,000 என்பார், மூன்றாமவர் ‘நாலே நாளில் டெலிவரி, ஃபுல் இன்சூரன்ஸ்’ என்பார். இவர்களில் சொந்தமாக லாரி வைத்திருப்பவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். பேசுகிறவர் ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவர் ஒரு புக்கிங் ஆபீஸுக்குச் சொல்வார், அந்த ஆபீஸ் ஒரு புரோக்கருக்குச் சொல்லும், புரோக்கர் எந்த டிரெய்லரில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பார். கடைசியில் வண்டியை ஏற்றுகிற டிரைவருக்கு முதலில் பேசியவரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இந்தத் தொழில் புதுக் கார்களைச் சுற்றிக் கட்டப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் ஆலைகளிலிருந்து புறப்படும் கார்களுக்குத்தான் டிரெய்லரில் முதல் மரியாதை. மாதம் தவறாமல் ஆயிரக்கணக்கில் லோடு தருகிற பார்ட்டி ஆயிற்றே. தனியார் ஒருவரின் ஒற்றைப் பழைய கார் மிச்சமிருக்கும் இடத்தில் ஏறும், அல்லது ரிட்டர்ன் லோடாகப் போகும். ‘நாலு நாள்’ என்ற வாக்குறுதி பொய்யாவதற்குக் காரணம் டிரைவரின் சோம்பல் அல்ல. டிரெய்லர் நிறையும் வரை அது புறப்படாது. டெல்லிக்கு ஒரு வாரம் பத்து நாள் என்று நேராகச் சொல்கிற ஆபீஸ், நாலு நாள் என்று ஆசை காட்டுகிற ஆபீஸைவிட நம்பத் தகுந்தது. மிகக் குறைந்த விலை சொல்பவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விலைக்கு லாரிக்காரர் கிடைக்காவிட்டால் வண்டி யார்டில் கிடக்கும். பிறகு ‘டோல் ஏறிவிட்டது, டீசல் ஏறிவிட்டது’ என்று கூடுதல் பணம் கேட்டு அழைப்பு வரும். அப்போது வண்டி அவர்கள் கையில் இருக்கிறது. பேரம் பேசும் பலம் சொந்தக்காரரிடம் இல்லை.

நட்சத்திர மதிப்பீடுகளை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது வீண் வேலை. அவற்றை வாங்கிவிடலாம். நல்ல பெயருள்ள ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ இன்னொருவர் கடை விரிப்பது இந்தத் துறையில் பழகிப்போன வித்தை. ‘ஐபிஏ அங்கீகாரம் பெற்றது’ என்ற வரியும் விளம்பரங்களில் தவறாமல் இருக்கும். இந்திய வங்கிகள் சங்கம் சிபாரிசு செய்யும் போக்குவரத்து நிறுவனங்களின் பட்டியல் ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால், எந்த நிறுவனத்தின் லாரி ரசீதை நம்பி வணிகர்களின் பில்லுக்கு வங்கி கடன் தரலாம் என்பதற்காக உருவானது அது. பழைய காரின் குரோம் பம்பரைப் பத்திரமாகக் கொண்டுபோவார்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதில் தப்பில்லை, அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

பார்க்க வேண்டியது ஒரு துண்டுக் காகிதத்தை. தமிழ்நாட்டில் எல்.ஆர். என்பார்கள், வடக்கே பில்டி என்பார்கள்: சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. அதில் யார் பெயர் அச்சிட்டிருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் காரைச் சுமப்பவர்.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் நிறைவேறி, 2011 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வெள்ளைக்காரன் காலத்து 1865-ம் ஆண்டுச் சட்டம்தான் இந்த நாட்டு லாரிகளை ஆண்டுகொண்டிருந்தது. புதிய சட்டத்தின் மிகப் பெரிய உதவி அதன் வரையறையில் இருக்கிறது. பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் என்பதற்குள் லாரி வைத்திருப்பவர் மட்டுமல்ல, புக்கிங் நிறுவனம், ஒப்பந்ததாரர், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் அடங்குவார்கள். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்கள்தான், சேதத்துக்கு லாரிக்காரரைக் கேளுங்கள்’ என்று ரசீது கொடுத்தவர் சுலபமாகக் கழன்றுகொள்ள முடியாது. இந்தத் தொழில் செய்ய மாநிலப் போக்குவரத்து அதிகாரியிடம் பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். போன் செய்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, ‘எல்.ஆர். யார் பெயரில் வரும், அவருடைய பதிவு எண் என்ன?’ என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். நல்லது, வேலை மிச்சம்.

மிச்சமுள்ளவர்களைச் சோதிக்கக் காசு செலவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் அவர்கள் தரும் 15 இலக்க எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா என்ற விவரங்கள் வரும். எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம், 07 என்றால் டெல்லி. ‘முப்பது வருட அனுபவம்’ என்று விளம்பரம் செய்கிறவரின் பதிவு மூன்று மாதத்துக்கு முந்தையதாக இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டியே 2017 ஜூலையில்தான் வந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தேதியைப் பார்க்க வேண்டும். ஏற்றும் அன்று லாரி எண் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் அதன் தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட் நிலவரத்தையும் பார்த்துவிடலாம்.

சரி, பெயர் சரியாக இருக்கிறது. அடுத்தது தொகை. இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள், அதுவும் தாங்களே கையெழுத்துப் போட்டு.

சட்டத்தோடு சேர்ந்து வந்த 2011-ம் ஆண்டு விதிகளின்படி, அதிக ரிஸ்க் கட்டணம் கட்டுவதாகத் தனியே ஒப்புக்கொள்ளாத சரக்குக்கு, போக்குவரத்தாளரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு முடிந்துவிடும். அந்தத் தொகையும் அனுப்புகிறவர் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டக் கூடாது. வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாரி கவிழ்ந்து பன்னிரண்டு லட்சம் ரூபாய் வண்டி நொறுங்கினாலும் கைக்கு வரக்கூடிய உச்சம் இரண்டு லட்சம். ‘மதிப்பைக் குறைச்சுப் போடுங்க சார், சார்ஜ் குறையும், செக்போஸ்ட்லயும் பிரச்சினை வராது’ என்று புக்கிங் ஆபீஸ் சொல்வதைக் கேட்டு ஐம்பதாயிரம் என்று எழுதியவருக்கு அந்த ஐம்பதாயிரம்தான். ரசீதின் மூலையில் ‘ஓனர் ரிஸ்க்’ என்று ஒரு சின்ன முத்திரையும் விழுந்திருக்கும்.

ஆகவே அனுப்புப் படிவத்தில் உண்மை மதிப்பை எழுதி, கேரியர் ரிஸ்க்கில், அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிடுவது ஒரு வழி. ஆனால், எந்தப் போக்குவரத்து நிறுவனமும் தன் பையிலிருந்து பன்னிரண்டு லட்சத்தை எடுத்து நீட்டும் என்று எதிர்பார்ப்பது வெகுளித்தனம். காப்பீடு வேண்டும்.

இந்த இடத்தில் மூவர்ஸ்காரர்கள் சொல்லும் ‘மூன்று பர்சன்ட் இன்சூரன்ஸ்’ என்ற சங்கதியைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். பில்லில் வாடகைக்குக் கீழே சரக்கு மதிப்பில் இவ்வளவு சதவீதம் என்று ஒரு தொகை இருக்கும். பல நேரங்களில் அது காப்பீட்டு பிரீமியமே அல்ல. எஃப்.ஓ.வி. என்ற பெயரில் மதிப்பின் மீது வசூலிக்கும் கட்டணம். அதை வாங்கிக்கொண்டு எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையான காப்பீடா என்று கண்டுபிடிக்க ஒரே சோதனைதான்: லாரி நகர்வதற்கு முன்பு, காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், சான்றிதழ் எண், காரின் எஞ்சின் எண், சேசிஸ் எண், சொந்தக்காரரின் பெயர் எல்லாம் போட்ட சான்றிதழ் கைக்கு வர வேண்டும். ‘வந்துடும் சார்’ என்பது சான்றிதழ் ஆகாது.

சான்றிதழ் வந்த பிறகும் எந்த ஷரத்தின் கீழ் என்று பார்க்க வேண்டும். உள்நாட்டுச் சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. சி என்பது தீ, மின்னல் அளவோடு நின்றுவிடும். பி-யில் லாரி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது போன்றவை சேரும். ஏற்றும்போது ராம்ப் சறுக்கி மட்கார்டு நசுங்கியது, வழியில் வீல் கேப் காணாமல் போனது, பெல்ட் உரசிப் பெயின்ட் போனது என்று பழைய காருக்கு நிஜமாக நேர்கிற சேதங்களுக்கு ஏ வகை ஒன்றில்தான் நம்பிக்கை வைக்கலாம். அதிலும்கூடச் சரியாகக் கட்டவில்லை, வண்டியில் ஏற்கெனவே கோளாறு இருந்தது என்று விலக்குகள் உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி, வீட்டு அலமாரியில் இருக்கும் சாதாரண மோட்டார் பாலிசியில் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் முழுக் காப்பீட்டு பாலிசியின் முதல் பிரிவு, விபத்து, தீ, திருட்டு என்று பட்டியலிட்டுக்கொண்டே வந்து, சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் ஆகியவற்றில் கொண்டுசெல்லும்போது நேரும் சேதத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதாவது, லாரி மேல் இருக்கும்போதும் காரின் சொந்த பாலிசி தூங்கிவிடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பழைய கார்களில் பெரும்பாலானவை மூன்றாம் நபர் காப்பீட்டோடு மட்டும் நிற்பவை. அதில் இந்தப் பிரிவே கிடையாது. முழுக் காப்பீடு இருந்தாலும், பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் சொந்தக்காரரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் போட்ட எண்ணுக்குத் தலையாட்டியவரின் ஹெரால்டு, பாலிசியில் நாற்பதாயிரம் ரூபாயாக இருக்கும். லாரி பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்து எழுத்தில் மதிப்பு வாங்கி, பாலிசியை மாற்றிக்கொள்வதற்கு ஆகும் செலவு, அந்தக் காருக்கு ஒரு ஜோடி டயர் வாங்கும் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

காகிதத்தின் பலத்தை நீதிமன்றம் காட்டிய வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே போனது. 1995-ல் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற நூற்பாலை, கொல்கத்தாவுக்கு லாரியில் நூல் அனுப்பியது. லாரி விபத்தில் சிக்கிச் சரக்கு சேதமானது. காப்பீட்டு நிறுவனம் ஆலைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆலையையும் சேர்த்துக்கொண்டு போக்குவரத்து நிறுவனத்தின் மேல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. வழக்கு படிப்படியாக ஏறி, 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் முடிந்தது. சரக்கு சேதமானது என்று காட்டினால் போதும், போக்குவரத்தாளரின் கவனக்குறைவை அனுப்பியவர் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை என்ற பழைய சட்டத்தின் கோட்பாடு அங்கே நின்றது. போக்குவரத்து நிறுவனம் தோற்றது. ஒரு மூட்டை நூலுக்கு ரசீதும் காப்பீடும் ஒழுங்காக இருந்ததால் பதினைந்து வருடம் கழித்தாவது நியாயம் கிடைத்தது. இனி விலைக்கே கிடைக்காத காருக்கு வெறும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி சாவியைக் கொடுக்கிறார்கள்.

இனி லாரிக்கு வருவோம்.

ஓசூரைத் தாண்டி வடக்கே போகும் கார் லாரிகளில் மூன்று விதம். புதுக் கார் ஏற்றும் நீண்ட இரண்டடுக்கு டிரெய்லர், ஒரே ஒரு கார் ஏறும் மூடிய கன்டெய்னர் லாரி, திறந்த பிளாட்பெட். ரயிலைச் சொல்ல விட்டுப்போயிற்று என்று தோன்றலாம். ரயில்வேயின் கார் வேகன்கள் ஆலைகளின் மொத்தச் சரக்குக்கானவை. கொங்கண் ரயில்வே 2025 ஆகஸ்டில் மேற்குக் கரையில் கோலாடுக்கும் வெர்ணாவுக்கும் இடையே தனியார் கார்களை ரயிலில் ஏற்றும் சேவையைத் தொடங்கியது. நல்ல முயற்சி, சென்னைக்காரருக்கு உதவாது. பணம் இருந்தால் ஒற்றைக் கார் கன்டெய்னர்தான் சரி. வாடகை பல மடங்கு ஆகும். அரிய காருக்கு அந்த வாடகை செலவல்ல, காப்பீட்டின் இன்னொரு பகுதி.

டிரெய்லர்தான் கட்டுப்படியாகும் என்றால் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வீட்டிலிருந்து டிரெய்லர் வரை காரை யார் கொண்டுபோவார்கள்? அறுபதடி டிரெய்லர் மயிலாப்பூர் மாட வீதிக்குள் வராது. பகலில் கனரக வண்டிகளை நகருக்குள் விடவும் மாட்டார்கள். ஆகவே, யார்டு நகரத்துக்கு வெளியே இருக்கும். அதுவரை காரை ஓட்டிப்போக ஒரு பையனை அனுப்புவார்கள். அவனுக்கு ஸ்டியரிங் கம்பத்தில் கியர் உள்ள வண்டி பழக்கமில்லை, சோக்கை எப்போது இழுக்க வேண்டும் என்று தெரியாது, பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2,200 கிலோமீட்டரில் மிக ஆபத்தானது இந்த முதல் முப்பதுதான். சொந்த மெக்கானிக்கை விட்டு ஓட்டச் சொல்வதோ, பிளாட்பெட் ரிக்கவரி வண்டி பிடித்து யார்டு வரை கொண்டுபோவதோ நல்லது.

இரண்டாவது, அதே லாரி கடைசி வரை போகுமா? பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ நாக்பூரிலோ இறக்கி, வேறு டிரெய்லரில் மாற்றி ஏற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் புது ஆள், புது பெல்ட், புது அவசரம். ‘வழியில் வண்டி மாற்றக் கூடாது’ என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதச் சொன்னால் எழுதிக் கொடுக்கிற ஆபீஸும் உண்டு. மறுக்கிறவர் வேறொரு லாரியை நம்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஏற்றும் இடத்தில் சொந்தக்காரரோ அவருடைய மெக்கானிக்கோ நிற்க வேண்டும். டிரைவரோடு வரும் கிளீனர் கெட்டவர் அல்ல. அவர் தினமும் ஏற்றுவது இழுகொக்கிக்கென்றே துளை வைத்த புதுக் கார்களை. பழைய காரில் அந்தத் துளை கிடையாது. கண்ணில் பட்ட இடத்தில் கொக்கியை மாட்டுவார்: பம்பர் பிராக்கெட், ஸ்டியரிங் கம்பி, சில நேரம் பிரேக் குழாய் ஓடும் ஆக்ஸில். ஹெரால்டின் கதையே தனி. அதற்கு உடம்பு வேறு, சேசிஸ் வேறு. பல துண்டுகளாகச் செய்த உடலைச் சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். முன்பக்கம் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே பாகமாக முன்னோக்கிச் சாயும். அந்த முகப்பை எங்கேயாவது கட்டி இறுக்கினால் டெல்லியில் இறங்கும்போது பானெட் ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். உடலைத் தொடாமல் நான்கு டயர்களின் மேலும் அகலமான பெல்ட் போட்டு, சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை வைப்பதுதான் முறை. அப்படிக் கட்டினால் வண்டி தன் ஸ்பிரிங்கில் மெல்ல ஆடிக்கொண்டு போகும், கட்டு தளராது. இந்த டயர் பெல்ட் உங்களிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது, ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைவிட அதிகம் சொல்லும். இல்லை என்றால் ஒரு செட் வாங்கிக் கொடுத்தனுப்பினாலும் தப்பில்லை.

மேல் தட்டு கேட்டு வாங்குவதும் முக்கியம். கீழே நின்றால் மேலே இருக்கும் வண்டியிலிருந்து ஆயிலோ பிரேக் ஆயிலோ சொட்டும். ஆயில் துடைத்தால் போய்விடும். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். கார் பத்திரமாகப் போகட்டும் என்று துணிக் கவர் போர்த்தி அனுப்புகிறவர்களின் பாசம் புரிகிறது. ஆனால், திறந்த லாரியில் நாள் கணக்கில் காற்றில் படபடக்கும் கவர், அதற்குள் புகுந்த மண்ணோடு சேர்ந்து உப்புக் காகிதமாக மாறி வண்டியைத் தேய்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அனுப்ப நேர்ந்தால் மூடிய லாரி மட்டுமே. பழைய ரப்பர் பீடிங் தண்ணீரைத் தடுக்காது.

டேங்கில் கால்வாசிப் பெட்ரோல், பேட்டரி இணைப்பைக் கழற்றி விடுவது, வீல் கேப், ரேடியோ, கடிகாரம், பானெட் சின்னம் போன்றவற்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது எல்லாம் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்தவை. மூல ஆர்சி புத்தகத்தை லாரியோடு அனுப்பக் கூடாது, நகல் போதும். இ-வே பில் விஷயத்தில் மட்டும் குழப்பம் இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது வேண்டும். பயன்படுத்திய சொந்த, வீட்டுப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. வாங்கியவர் பெயரில் பதிவாகி லாரியில் போன காரைப் பிடித்து வைத்த விவகாரத்தில், அதையும் பயன்படுத்திய சொந்தப் பொருளாகத்தான் கருத வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்று அனுப்பும் காருக்கு இந்த விலக்கை நம்பாமல், போக்குவரத்து நிறுவனத்தையே பில் எடுக்கச் சொல்வது உத்தமம்.

இறங்கும் இடத்தில் நடக்கும் ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு லாரி வரும். டிரைவருக்கு அடுத்த லோடு அவசரம். செல்பேசி வெளிச்சத்தில் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். விடிந்ததும் கதவில் ஒரு முழ நீளக் கீறல் தெரியும். அதன் பிறகு எந்தக் காப்பீட்டு சர்வேயரும் அந்தத் தாளைத்தான் முதலில் காட்டுவார். சந்தேகம் இருந்தால் இறக்கும் முன்பே லாரியின் மேல் வைத்தே வீடியோ எடுத்து, தாளில் சேதத்தைக் கையால் எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து சேதச் சான்றிதழ் கேட்டு எழுத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும். வழக்குப் போடுவதற்கு முன்பு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2007 சட்டத்தின் 16-ம் பிரிவு. அதற்கான 180 நாள், சேதம் தெரிந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ‘பேசி முடிச்சிடலாம் சார், கொஞ்சம் பொறுங்க’ என்று ஆறு மாதம் இழுப்பது சில ஆபீஸ்களுக்குக் கைவந்த கலை.

இவ்வளவையும் தனி மனிதரே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது நியாயமா என்றால், இல்லை. அமெரிக்காவில் கார் கொண்டுபோக ஏற்பாடு செய்யும் புரோக்கர் 75,000 டாலர் பிணை வைத்தாக வேண்டும். லாரி நிறுவனத்தின் பதிவு எண்ணை அரசுத் தளத்தில் தட்டினால் அதன் உரிமமும் காப்பீட்டு நிலவரமும் வந்துவிடும். அங்கேயும் ஓட்டை உண்டு: பொதுச் சரக்கு ஏற்றுவோருக்குச் சரக்குக் காப்பீடு கட்டாயம் என்ற விதியை 2011-ல் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும், யாரோடு பேசுகிறோம் என்பதாவது வாடிக்கையாளருக்குத் தெரிகிறது. இங்கே சட்டம் புரோக்கரையும் பொறுப்புக்குள் கொண்டுவந்துவிட்டது, பதிவையும் கட்டாயமாக்கிவிட்டது. ஆனால், பதிவில்லாமல் தொழில் செய்தால் முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். ஒரு காருக்கான கமிஷனிலேயே அதைக் கட்டிவிடலாம். விளம்பரத்தில் ஜிஎஸ்டி எண்ணைப் பெருமையாகப் போடுகிறவர்களில் எத்தனை பேர் சரக்குப் போக்குவரத்துப் பதிவு எண்ணைப் போடுகிறார்கள்?

மாநிலப் போக்குவரத்துத் துறை செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலை, ரத்தானவை உட்பட, பெயரைத் தட்டினால் வரும்படி தமிழில் இணையத்தில் போடலாம். ரசீதுகளில் அந்த எண் இருக்கிறதா என்று மாதவரம் லாரி நிலையத்திலும் சுங்கச்சாவடிகளிலும் அவ்வப்போது பார்க்கலாம். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகமும் சென்னையில் ஏவிஎம் அருங்காட்சியகமும் வந்த பிறகு, தமிழ்நாட்டில் பழைய கார்கள் மேல் ஆர்வம் கூடியிருக்கிறது. ராலிக்கும் கண்காட்சிக்கும் வண்டிகள் மாநிலம் விட்டு மாநிலம் போவதும் அதிகரிக்கத்தான் செய்யும்.

அந்தப் பட்டியல் வரும் வரை, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘வழக்குகள் டெல்லி நீதிமன்ற எல்லைக்கு மட்டுமே உட்பட்டவை’ என்ற வரியைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். சொந்தக் காரைச் சொந்த உபயோகத்துக்காக அனுப்பியவர், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தான் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. புகாரோடு இணைக்க வேண்டியவை எல்.ஆர். நகல், ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடுத்த படங்கள், 180 நாளுக்குள் அனுப்பிய நோட்டீஸின் தபால் ரசீது.